கிட்டார் பிரிட்ஜில் பதித்த எலும்பும் சிப்பியும் மக்கர் செய்தால்

கையால் செய்யும் அக்கூஸ்டிக் கிட்டாரின் பிரிட்ஜில், அதாவது ஸ்ட்ரிங்கைப் பிடித்துக்கொள்ளும் மரக்கட்டையில், அலங்காரம் என்பது பெரும்பாலும் துண்டு துண்டான வேலை. கிளாசிக்கல் கிட்டார் என்றால் ஸ்ட்ரிங் கட்டும் டை பிளாக்கின் முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் ஒவ்வொரு எலும்புப் பட்டை, நடுவில் ரோசெட்டோடு (ஒலித்துளையைச் சுற்றிய அலங்கார வளையம்) ஒத்துப்போகிற மொசைக். ஸ்டீல் ஸ்ட்ரிங் கிட்டார் என்றால் பிரிட்ஜின் இரண்டு இறக்கையிலும் (பக்கவாட்டில் நீளும் மெல்லிய முனைகள்) முத்துச்சிப்பியோ அபலோன் சிப்பியோ, சில சமயம் சுற்றிலும் மெல்லிய வெள்ளைக் கோடு. மொத்தப் பரப்பு நாலு விரல் அகலம்கூட இல்லை, ஆனால் அந்த இடத்துக்குள் மரம், எலும்பு, சிப்பி, சாயம் போட்ட வெனீர் (மெல்லிய மரத்தகடு), பசை என்று ஈரத்துக்கும் சூட்டுக்கும் ஸ்பிரிட்டுக்கும் ஆளுக்கொரு மாதிரி நடந்துகொள்ளும் பொருட்களை நெருக்கி உட்கார வைத்திருக்கிறோம்.

ஏதாவது இடுக்கு தெரிந்தால் உடனே மரத்தூளைத் தூவி மேலே சூப்பர் குளூ ஊற்றுவதுதான் வழக்கமாக நடப்பது. கொஞ்சம் பொறுங்கள். இடம் மாறியது எது என்று முதலில் பார்க்க வேண்டும்: மரமா, பசையா, சாயமா? மரம் நகர்ந்த இடத்தை அடைத்தால் அடுத்த வறட்சியில் பக்கத்திலேயே இன்னொரு கோடு திறக்கும். பசை விட்ட இடத்தை மேலே மட்டும் அடைத்தால் உள்ளே காலியாகவே இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட பிரிட்ஜின் மட்டத்திலேயே சாய்த்து வைத்து, ஒரு பூதக்கண்ணாடியோடு பாருங்கள், நகத்தால் மெதுவாகத் தட்டிக் கேளுங்கள். பாதி நோயறிதல் அதிலேயே முடிந்துவிடும்.

வெள்ளை எலும்பு சிவந்து அல்லது கறுத்துப் போயிருக்கிறது

அதிகம் வரும் புகார் இது. பாலிஷ் போட ஆரம்பிக்கும்வரை பளிச்சென்று இருந்த எலும்பு, முதல் கை ஷெல்லாக் (அரக்கு பாலிஷ்) ஓடியதும் டீக்கறை பட்டது போல ஆகிவிடும்.

காரணம் இரண்டில் ஒன்று. முதலாவது தூள்: உப்புத்தாள் போடும்போது ரோஸ்வுட் அல்லது கருங்காலித் தூள் எலும்பின் நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. பூதக்கண்ணாடியில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகளாக, சில இடத்தில் நீளவாட்டுக் கீற்றுகளாகத் தெரிந்தால் அது தூள்தான். இரண்டாவது சாயம்: ரோஸ்வுட்டில் இருக்கும் பிசினும் நிறமும் ஸ்பிரிட்டிலும் அசிட்டோனிலும் கரையும், அந்தக் கரைசல் பஞ்சோடு எலும்பின் மேல் இழுபடும். இதில் புள்ளி இருக்காது, பரவலான மஞ்சள் சிவப்பாக, பாலிஷ் பஞ்சு ஓடிய திசையிலேயே இழுவிக் கிடக்கும்.

தூள் என்றால் மறுபடி உப்புத்தாள் போடாதீர்கள், இன்னும் உள்ளேதான் போகும். நன்றாகத் தீட்டிய ஸ்க்ரேப்பரால் (சுரண்டும் எஃகுத் தகடு) எலும்பின் நீளவாட்டில் மட்டும் மெல்லிய சீவல் எடுங்கள், தூளை வாயால் ஊதாமல் வேக்குவத்தால் உறிஞ்சுங்கள். எலும்புத் தூளும் சிப்பித் தூளும் நுரையீரலுக்கு நல்லதல்ல, இந்த வேலை முழுக்க மாஸ்க் கட்டாயம். சாயம் என்றால் மேலாகச் சுரண்டிய பிறகும் மிச்சம் இருக்கும். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, பக்கத்து மரத்தை டேப்பால் மறைத்துவிட்டு, எலும்பின் மேல் மட்டும் ஒற்றி எடுக்கலாம். சொட்டச் சொட்ட வேண்டாம், அது தண்ணீர்தான், மொசைக்கை ஊற வைத்துவிடும். துணிக்குப் போடும் குளோரின் பிளீச் பக்கமே போகாதீர்கள். அது எலும்புக்குள் இருக்கும் கொலாஜனையே தின்றுவிடும், பிறகு அந்தப் பட்டை சுண்ணாம்பாக உதிரும்.

அடுத்த பிரிட்ஜில் இது வராமல் இருக்க வரிசையை மாற்றினால் போதும். பட்டையை மட்டம் செய்யும் முன்பே எலும்பு, மரம் இரண்டின் மேலும் மெல்லிய ஷெல்லாக் இரண்டு கை பூசிக் காய விடுங்கள். துளைகள் அடைபட்டுவிடும். பிறகு ஸ்க்ரேப்பரால் மட்டம் செய்து மறுபடி ஒரு கை. பாலிஷின் முதல் சில கைகளைப் பஞ்சால் தேய்க்காமல் பிரஷ்ஷால் வைத்தால், அல்லது எலும்பிலிருந்து மரத்தை நோக்கி மட்டும் இழுத்தால் நிறம் திரும்பி வராது. முடிந்த பிரிட்ஜைத் துடைக்க ஸ்பிரிட்டை விட நாப்தா (பெட்ரோலியக் கரைப்பான்) பாதுகாப்பு, ரோஸ்வுட்டின் நிறத்தை அது அந்த அளவுக்கு இழுக்காது.

கறுப்புக் கோட்டிலிருந்து வெள்ளைக் கோட்டுக்கு மை ஊறுகிறது

கறுப்பு வெள்ளை கறுப்பு என்று அடுக்கிய வெனீர் கோடுகளில் மட்டும் வருவது இது. வெனீரில் போட்ட கறுப்புச் சாயம் ஸ்பிரிட்டிலோ தண்ணீரிலோ கரையக்கூடியது. ஊறிய மேப்பிள் கோட்டைத் திரும்ப வெளுக்க வைப்பது அநேகமாக நடக்காத காரியம், மேலாக இருந்தால் சுரண்டலாம், ஆழமாக இருந்தால் அந்தக் கோட்டைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிப்பதே சுலபம். கறுப்பு வெனீர் கையில் வந்ததும் ஒரு மூலையை ஸ்பிரிட் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், துணி கறுத்தால் அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு ஃபைபர் பட்டை அல்லது கருங்காலியிலேயே அறுத்த கோடு இந்தத் தலைவலியைத் தராது.

எலும்புப் பட்டை ஓரத்தில் தூக்குகிறது

நகத்தால் தட்டினால் ஒட்டிய இடம் கெட்டியாகவும் விட்ட இடம் பொள்ளென்றும் கேட்கும். ஷேவிங் பிளேடின் முனை எதுவரை நுழைகிறது என்று பார்த்து அந்த எல்லையைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரிங்கின் இழுவை தூக்கிவிட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். டை பிளாக்கின் பின் ஓரத்தில் ஸ்ட்ரிங் சுற்றி ஏறி மேலே வருகிறது, அதாவது அது பட்டையைக் கீழே அழுத்துகிறதே தவிரத் தூக்குவதில்லை. நைலான் ஸ்ட்ரிங் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ இழுவை. அந்த அழுத்தத்துக்குக் கீழே இருந்தும் ஒரு பட்டை எழும்புகிறது என்றால் பசையே பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். முன் ஓரப் பட்டையில் மட்டும் இன்னொரு சாத்தியம் உண்டு: ஸ்ட்ரிங் மாற்றும்போது யாரோ இடுக்கியை எலும்பின் மேல் சாய்த்து நெம்பியிருப்பார்கள். அங்கே சின்னப் பள்ளமோ கீறலோ இருக்கும், பார்த்தாலே தெரியும்.

பசை ஏன் பிடிக்கவில்லை? எலும்பில் கொழுப்பு மிச்சம் இருந்திருக்கலாம். அப்படிப்பட்ட எலும்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சில இடம் எண்ணெய்க் காகிதம் மாதிரி மஞ்சளாக ஒளி விடும். அல்லது ரோஸ்வுட்டின் எண்ணெய்ப் பசை மேலே வந்திருக்கலாம். அறுத்துச் சில நாள் கிடந்த ரோஸ்வுட் முகத்தில் நேரடியாக ஒட்டினால் இப்படித்தான் ஆகும், ஒட்டுவதற்குச் சற்று முன்பு ஒரு சீவல் எடுத்துவிட வேண்டும்.

விட்ட இடம் சின்னதாக இருந்தால், பிளேடால் லேசாகத் திறந்து, நுனி மெல்லிய பிரஷ்ஷில் அசிட்டோன் தொட்டு உள்ளே சுத்தம் செய்து, முழுக்கக் காய்ந்த பிறகு மெல்லிய சூப்பர் குளூ ஒரே ஒரு துளி. அது தானாகவே உள்ளே ஓடும். ஓடும் பாதையில் பாலிஷ் போடாத ஸ்ப்ரூஸ் மேல்பலகை இருந்தால் அதிலும் ஓடி நிரந்தரக் கறை வைக்கும் என்பதால் பிரிட்ஜைச் சுற்றி டேப் ஒட்டாமல் பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். சீக்கிரம் காய வேண்டும் என்று ஆக்ஸிலரேட்டர் அடித்தால் பசை நுரைத்து வெள்ளைப் படலமாக நிற்கும், அதையும் விட்டுவிடுங்கள்.

பாதிக்கு மேல் விட்டிருந்தால் ஒட்டுப்போட்டுக்கொண்டு இருக்க வேண்டாம், பட்டையை முழுதாகவே எடுத்துவிடுங்கள். எலும்பை மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில் அசிட்டோனில் ஒரு ராத்திரி ஊற வையுங்கள், நெருப்புப் பக்கம் இல்லாமல். கொதிக்க வைக்கச் சொல்வார்கள், அதில் கொழுப்போடு கொலாஜனும் கரைந்து எலும்பு நொறுங்கலாகிவிடும். ஒட்டும் முகத்தை 120 நம்பர் உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, மரத்தில் புது முகம் எடுத்து, எபாக்ஸியோ மீன் பசையோ வைத்து ஒட்டலாம். எலும்பும் கொலாஜன், மீன் பசையும் கொலாஜன், அந்த ஜோடியை எனக்குப் பிடிக்கும், பின்னால் எடுக்க வேண்டி வந்தால் சூடும் ஈரமும் போதும். எபாக்ஸி என்றால் கிளாம்பை இறுக்கிப் பசையை எல்லாம் வெளியே பிதுக்கிவிடாதீர்கள்.

மூலைகளில் 45 டிகிரி இணைப்பு திறந்துகொண்டது

டை பிளாக்கை நாலு பக்கமும் எலும்பால் சட்டம் போட்ட பிரிட்ஜ்களில் வருவது. பிரிட்ஜின் நீளவாட்டில்தான் மர ரேகை ஓடுகிறது, அந்தத் திசையில் மரம் ஏறக்குறைய நகராது. அகலவாட்டில் நகரும். எலும்போ எந்தப் பக்கமும் அவ்வளவாக நகராது. ஆகவே நீளப் பட்டைகள் இரண்டும் பத்திரமாக இருக்க, இரு முனையிலும் குறுக்கே வைத்த குட்டித் துண்டுகள்தான் மாட்டிக்கொள்கின்றன: மரம் சுருங்கினால் துண்டு வெளியே துருத்தும், உப்பினால் மூலை பிளக்கும்.

முதலில் பட்டறையின் ஈரப்பதத்தைப் பாருங்கள். 45 முதல் 50 சதவீதத்துக்குள் கிட்டாரை ஒரு வாரம் வைத்தால் மூலை தானாகவே மூடிக்கொள்கிறதா? மூடினால் தொடாதீர்கள். மூடாமல் நின்றால்தான் அடைக்க வேண்டும், அதுவும் வெள்ளை எலும்புத் தூளோடு எபாக்ஸி கலந்து, சூப்பர் குளூவில் அல்ல, சூப்பர் குளூ பட்ட தூள் சாம்பல் நிறமாகக் கறுத்து மூலையைக் கோடு போட்டுக் காட்டும். புதிதாகச் செய்கிறீர்கள் என்றால் இந்தக் குறுக்குத் துண்டுகளே தேவையா என்று யோசியுங்கள். நீளப் பட்டை இரண்டோடு நிறுத்தினாலே அழகாகத்தான் இருக்கிறது.

வெள்ளைக் கோடு ஒரு முனையில் தடிப்பு, மறுமுனையில் ஒல்லி

இது பசையும் அல்ல, மரமும் அல்ல, வெட்டு. பட்டை உட்காரும் படியை வெட்டியபோது ஒரு முகத்தை அடிப்படையாக வைத்து வெட்டிவிட்டு, பிறகு வேறு முகத்தை இழைத்திருப்பீர்கள். ஒட்டிய பிறகு பின்பக்கச் சரிவை ஒரு சீவல் கூட எடுத்தாலும் கோடு ஒல்லியாகும். மிச்சம் தடிப்பு இருந்தால் தடித்த முனையைச் சுரண்டி ஒல்லியான முனைக்கு இறக்குங்கள், கண்ணுக்குச் சீரான கோடுதான் வேண்டும், அளவு யாரும் எடுக்கப் போவதில்லை. இனிமேல் செய்யும்போது பிளாங்க் (பிரிட்ஜ் செதுக்கும் வெறும் கட்டை) நேர்ச்சதுரமாக இருக்கும்போதே படியை வெட்டுங்கள், இறக்கைகளை வடிப்பது அப்புறம்.

சிப்பியைச் சுற்றி இடுக்கு அல்லது கறுப்பு வளையம்

எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இடுக்கு இருந்தால் குழி பெரிதாகிவிட்டது. மூலைகளில் மட்டும் இருந்தால் ரௌட்டர் பிட் (குழி தோண்டும் இயந்திரத்தின் சுழலும் முனை) செய்த வேலை: 1 மி.மீ. பிட் எந்த உள்மூலையிலும் அரை மி.மீ. வளைவை விட்டுத்தான் போகும், அதைக் கத்தி முனையால் கூராக்காமல் கூர்மூலைச் சிப்பியை உட்கார வைக்கப் பார்த்தால் சிப்பியைத்தான் அரத்தால் தேய்க்க வேண்டி வரும். ஒரே பக்கம் மட்டும் இடுக்கு என்றால் ஒட்டும்போது துண்டு நழுவியிருக்கிறது.

கருங்காலியில் இது பெரிய விஷயமே இல்லை, கருங்காலித் தூளும் எபாக்ஸியும் கலந்து அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாது. ரோஸ்வுட்டில்தான் சங்கடம். அதன் தூள் பசை பட்டதும் மரத்தை விட இரண்டு படி கறுக்கும். எனவே பிரிட்ஜ் மரத்தின் வெளிறிய பகுதியிலிருந்து தூள் எடுங்கள், கழிவுத் துண்டில் ஒரு குழி தோண்டி நிரப்பி, மேலே பாலிஷ் போட்டுப் பார்த்துவிட்டுப் பிரிட்ஜைத் தொடுங்கள். நீளமான இடுக்கு என்றால் தூளை விட அதே மரத்தின் மெல்லிய சீவலைச் செருகுவது எவ்வளவோ மேல்.

சிப்பியே சாம்பல் பூத்து மங்கலாக இருந்தால் இடுக்கைப் பார்க்காதீர்கள், தடிமனைப் பாருங்கள். அரை மி.மீ.க்குக் கீழே போனால் சிப்பி வழியாக அடியில் இருக்கும் கறுப்பு மரம் தெரிய ஆரம்பிக்கும். வளைந்த பரப்பில் தட்டையான சிப்பியைப் பதித்து மட்டம் செய்தால் இது நடக்கிறது. கணக்கு எளிது: 400 மி.மீ. ஆரமுள்ள வளைவில் 20 மி.மீ. நீளத் துண்டு முனைகளில் இழப்பது 0.125 மி.மீ., அதே வளைவில் 40 மி.மீ. துண்டு இழப்பது 0.5 மி.மீ. சிப்பித் தகடு வழக்கமாக 1 முதல் 1.5 மி.மீ.தான் வரும். நீளம் இரட்டித்தால் இழப்பு நாலு மடங்கு, ஆகவே நீளத் துண்டை இரண்டாக அறுத்து வைப்பதே புத்திசாலித்தனம். ஏற்கெனவே மெலிந்துபோனதைக் காப்பாற்ற ஒரே வழி, எடுத்துவிட்டுக் குழியின் அடியில் வெள்ளை நிறமி கலந்த எபாக்ஸி வைத்துத் திரும்ப உட்கார வைப்பதுதான். மெலிந்த சிப்பி எடுக்கும்போதே உடையும் என்பதால் மாற்றுத் துண்டு கையில் இருக்கட்டும்.

கறை நீக்க வினிகர் போடாதீர்கள். சிப்பி என்பது கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் பளபளப்பு கரைந்து போகும்.

மொசைக் நடுவில் பள்ளம், நிறமும் இருண்டுவிட்டது

மொசைக் என்பது குச்சிகளின் வெட்டுமுகம். அந்த முகம் பாலிஷை உறிஞ்சி இருளும், பக்கத்து எலும்பை விட மென்மையாக இருப்பதால் உப்புத்தாளிலும் சீக்கிரம் தேயும். விரலால் தாளைப் பிடித்துத் தேய்த்தால் எலும்பு மேடாகவும் மொசைக் பள்ளமாகவும் நிற்பது நிச்சயம். கெட்டியான கட்டை, பட்டையின் முழு நீளத்துக்கும் வருகிற மாதிரி, அதன் மேல் தாள், அவ்வளவுதான். பள்ளம் ஏற்கெனவே விழுந்திருந்தால் எலும்பைச் சுரண்டி இறக்குங்கள், மொசைக்கை உயர்த்த முடியாது. நிறம் இருளாமல் இருக்க முதலிலேயே வெளிறிய ஷெல்லாக் பூசி வெட்டுமுகத்தை அடைக்க வேண்டும்.

துண்டு துண்டாக மொசைக் வைக்கும்போது சந்திப்புகள் தெரிகிறது என்றால் ஒரு சின்னத் தந்திரம்: ஸ்ட்ரிங் முடிச்சு டை பிளாக்கின் மேல் ஆறு இடத்தில் ஏறி இறங்குகிறது, சந்திப்புகளை அந்த இடங்களுக்குக் கீழே வருமாறு அமைத்தால் யார் கண்ணிலும் படாது.

பிரிட்ஜை ஒட்டிய பிறகு சிப்பி விரிசல், கழற்றும்போது சிப்பி எழும்பல்

விரிசல் என்றால் கிளாம்ப். சிப்பியின் மேல் கட்டை நேரடியாக உட்கார்ந்திருக்கும். அழுத்தக் கட்டையில் சிப்பி வரும் இடத்தைக் குடைந்துவிட்டு மிச்சத்தில் கார்க் ஒட்டுங்கள். முடி போன்ற விரிசலை மெல்லிய சூப்பர் குளூ ஒரு துளி மறைக்கும், சிப்பியின் இயற்கைக் கோடுகளோடு கலந்துவிடும்.

பிரிட்ஜைக் கழற்றச் சூடு காட்டும்போது அடியில் இருக்கும் பசை இளகும் அதே சூட்டில் சிப்பிக்குக் கீழே உள்ள எபாக்ஸியும் இளகும், அதில் தப்பு ஒன்றும் இல்லை. எழும்பினால் பதறாமல் முழுக்க ஆற விடுங்கள், சூட்டோடு அமுக்கினால் உடையும். இறக்கையில் அலுமினியத் தாள் மூடிவிட்டு நடுவில் மட்டும் சூடு காட்டினால் பாதிப் பிரச்சினை வராது. பிளாஸ்டிக் ஓரம் போட்ட பிரிட்ஜ் என்றால் இன்னும் கவனம், செல்லுலாய்டு சீக்கிரம் தீப்பிடிக்கும், அசிட்டோன் பட்டால் கரையும்.

இறக்கையே விரிசல் விட்டிருந்தால் குழி ஆழம்தான் குற்றவாளி. கிளாசிக்கல் பிரிட்ஜின் இறக்கை சுமார் 3 மி.மீ., அதில் ஒன்றரை மி.மீ. குழி தோண்டினால் என்ன மிஞ்சும்? அங்கே அலங்காரமே வேண்டாம் என்பது என் கட்சி.

பழைய கிட்டாரில் இருப்பது எலும்பா தந்தமா

வெட்டுமுகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். குறுக்கும் நெடுக்கும் வெட்டிக்கொள்ளும் வளைகோடுகள் தெரிந்தால் யானைத் தந்தம், கரும்புள்ளிகளும் கீற்றுகளும் தெரிந்தால் எலும்பு. 19ஆம் நூற்றாண்டு மார்ட்டின் கிட்டார்களின் உயர்ரக மாடல்களில் முழுப் பிரிட்ஜே தந்தத்தில் வந்தது. ஆப்பிரிக்க யானை 1989இல் சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) முதல் பட்டியலுக்குப் போனது, பிரேசிலியன் ரோஸ்வுட் 1992இல். எனவே நாடு விட்டு நாடு போகப்போகும் கிட்டார் என்றால் எதையும் பிரித்து மாற்றும் முன் உரிமையாளரிடம் ஆவணம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

அலங்காரம் செய்த பிறகு சத்தம் அமுங்கிவிட்டது

கேட்டதும் எலும்பைக் குறை சொல்லாதீர்கள், எடை போட்டுப் பாருங்கள். 82 மி.மீ. நீளம், 2க்கு 2 மி.மீ. கனம் உள்ள எலும்புப் பட்டை இரண்டு சேர்ந்தால் 0.66 கன செ.மீ. அதே அளவு ரோஸ்வுட்டை எடுத்துவிட்டு எலும்பு வைத்தால் கூடும் எடை 0.7 கிராம் அளவுதான். கிளாசிக்கல் பிரிட்ஜ் பொதுவாக 15 முதல் 25 கிராம் வரை இருக்கும், அதில் இது பொருட்டே அல்ல. டை பிளாக்கின் மேல் முகம் முழுவதையும் 12 மி.மீ. அகலத்துக்கு ஒன்றரை மி.மீ. சிப்பியால் மூடினால் கதை வேறு, ஏறக்குறைய 2.7 கிராம் கூடும், அது காதுக்குத் தெரியக்கூடிய எடை. அப்படிச் செய்வதாக இருந்தால் பிளாங்க் வாங்கும்போதே லேசானதாகப் பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது என்றால் இறக்கைகளின் மேற்புறத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மரம் சீவி, ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரிங் ஏற்றிக் கேட்டுப் பாருங்கள். இரண்டரை மி.மீ.க்குக் கீழே மட்டும் இறங்காதீர்கள்.